சனிப் பிணமும் நாலு கட்டமும்

மல்லாங்கிணற்றில் நான் கிட்டத்தில் நின்று பார்த்த முதல் சாவு எங்கள் தெருக்கோடி வீட்டுத் தாத்தாவுடையது. சனிக்கிழமை. நீர்மாலை எடுத்து வந்தாயிற்று, பாடை தயார், தூக்க வேண்டியதுதான் பாக்கி. "கோழி எங்கடா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு சத்தம். எடுப்பு அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பேர் ஓடிப்போய்க் குப்பைமேட்டில் கிளறிக்கொண்டிருந்த விடைக்கோழி ஒன்றைப் பிடித்து வந்தார்கள். அதன் காலைக் கட்டிப் பாடை மூங்கிலில் தொங்கவிட்ட பிறகுதான் கொட்டுச் சத்தம் மறுபடி கிளம்பியது. சுடுகாடு வரைக்கும் கோழி கத்திக்கொண்டே போனது.

"எதுக்கு அப்பத்தா கோழி?"

"சனிப் பொணம் தனிப் போகாதுய்யா. தொணைக்கு ஒண்ணக் கூட்டிட்டுத்தான் போகும். நம்மள்ல ஒருத்தரக் கூப்பிடாம அதக் கூட்டிட்டுப் போகட்டும்னுதான்."

பன்னிரண்டாம் நாள் கீழத்தெருவில் ஒரு பாட்டி இறந்துபோனார். அப்பத்தா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அதான் கோழி கட்டுனாங்களே அப்பத்தா?" என்றேன். "அது வெடக்கோழிய்யா. பத்தல."

யாரும் சாகாவிட்டால் கோழி காப்பாற்றியது. யாராவது செத்தால் கோழி சின்னது. எந்தப் பக்கம் விழுந்தாலும் தோற்காத தாயக்கட்டை. பின்னாளில் புள்ளியியல் படித்து, அதையே சொல்லிக்கொடுத்துச் சம்பளமும் வாங்கினேன். வகுப்பில் இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா இல்லையா என்ற பாடம் வரும்போதெல்லாம் கோழிச் சத்தம் காதில் கேட்கும். ஏனென்றால் அப்பத்தா சொன்னது மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போகக்கூடிய வாக்கியம் இல்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியம். சனிக்கிழமை விழுகிற சாவுக்குப் பிறகு, மற்ற கிழமைச் சாவுகளைவிட, அடுத்த சாவு சீக்கிரம் வருகிறதா? கேள்வி இவ்வளவுதான். பதிலுக்குத் தேவையானது ஒரு குச்சியும் கொஞ்சம் மண்ணும்.

எங்கள் ஊர் கரிசலில், பாண்டி விளையாடக் கட்டம் கிழிப்போமே, அதுபோல நாலு கட்டம் கிழித்துக்கொள்ளுங்கள். மேல் வரிசை சனிக்கிழமைச் சாவுகளுக்கு, கீழ் வரிசை மற்ற கிழமைச் சாவுகளுக்கு. இடது பக்கம், பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் ஊரில் இன்னொரு சாவு விழுந்தவை. வலது பக்கம், விழாதவை. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கல்லை அதற்குரிய கட்டத்தில் போட வேண்டும்.

அப்பத்தா தன் ஆயுளில் மேல் வரிசை இடது கட்டத்தில் மட்டுமே கல் போட்டார். சனிக்கிழமை செத்து, துணை போனவர்கள். அந்தக் கட்டம் நிரம்பி வழிந்தது. மற்ற மூன்றும் அவர் கண்ணில் படவே இல்லை. சனிக்கிழமை செத்து யாரும் பின்னால் போகாதபோது ஊர் பேசுவதற்கு என்ன இருக்கிறது? புதன்கிழமைச் சாவுக்குப் பின்னால் ஒரு சாவு விழுந்தால் அதைப் புதனோடு முடிச்சுப் போட ஒரு பழமொழி இல்லையே. நம் நினைவு, பெயர் வைத்த கட்டத்தை மட்டுமே எண்ணும்.

அந்த ஒரு கட்டம் எவ்வளவு சுலபமாக நிரம்பும் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஆறாயிரம் பேர் உள்ள ஊர் ஒன்று. தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஆறேழு சாவு என்பது நடப்பு. அப்படியானால் ஊரில் வருஷத்துக்கு ஏறக்குறைய 39 சாவுகள். ஒரு குறிப்பிட்ட நாள் சாவில்லாமல் கழிவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்பது. அடுத்த நாளும் அப்படியே கழிய, பத்தில் ஒன்பதில் பத்தில் ஒன்பது. இப்படியே ஏழு நாள் பெருக்கிக்கொண்டு போனால் 0.48 வரும். அதாவது எந்தச் சாவுக்குப் பிறகும், ஒரு வாரத்துக்குள் இன்னொன்று விழுவதற்கான வாய்ப்பு பாதிக்குமேல். பதினாறு நாள் பெருக்குங்கள்: 0.185. விசேஷத்துக்குள் அடுத்த சாவு விழ வாய்ப்பு நூற்றுக்கு எண்பத்தொன்று!

ஏழில் ஒரு சாவு சனிக்கிழமை விழும் என்றால் வருஷத்துக்கு ஐந்தாறு சனிப் பிணம். அதில் நாலைந்து பேருக்காவது துணை கிடைத்துவிடும். அப்பத்தா பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது உண்மை. செவ்வாய்க்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் அதே எண்பத்தொன்றுதான் என்பது அவர் பார்க்காதது.

வலது பக்கக் கட்டங்களும் கீழ் வரிசையும் நிரம்பியபின் கேட்க வேண்டியது, மேல் வரிசையில் இடது கட்டத்தின் பங்கும் கீழ் வரிசையில் அதன் பங்கும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது. வேறுபாடே இல்லாமல் அச்சு அசலாக இருக்காது. கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும். எவ்வளவு முன்பின் இருந்தால் 'ஏதோ இருக்கிறது' என்று சொல்லலாம்? இந்தக் கேள்விக்கு ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கதையில் நம் நாட்டுக் காலராவுக்கு ஒரு பங்கு உண்டு.

*

வாந்திபேதி என்றால் எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் குரலே தாழ்ந்துவிடும். 1893இல் அதற்கு ஊசி மருந்தோடு கல்கத்தாவில் வந்திறங்கினார் வால்டெமர் ஹாஃப்கின். ஒடேஸாவில் பிறந்தவர், பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் வேலை பார்த்தவர், மருந்தை முதலில் தன் உடம்பிலேயே குத்திப் பார்த்தவர். கல்கத்தாவின் சேரிகள், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் என்று அலைந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்டார். ஊசி பலித்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. 1915இல் லண்டனில் மேஜர் கிரீன்வுட்டும் (மேஜர் என்பது பட்டாளப் பதவி அல்ல, அவருக்கு வைத்த பெயரே அதுதான்) உட்னி யூலும் டைபாய்டு, காலரா தடுப்பூசிகளின் புள்ளிவிவரங்களை எடுத்துவைத்து அலசினார்கள். அந்த வேலையிலிருந்து வந்த ஒரு நாலு கட்டம் தலைமுறை தலைமுறையாகப் பாடநூல்களில் அச்சாகிறது. தலைப்பில் தோட்டத்தின் பெயர்கூட இல்லை. 'ஒரு தேயிலைத் தோட்டம்', அவ்வளவுதான்.

| | காலரா வந்தவர் | வராதவர் | மொத்தம் |
|---|---|---|---|
| ஊசி போட்டவர் | 5 | 431 | 436 |
| போடாதவர் | 9 | 291 | 300 |
| மொத்தம் | 14 | 722 | 736 |

ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் கூடுதல், போடாதவர்களில் நூற்றுக்கு மூவர். பார்த்த உடனே ஊசி ஜெயித்த மாதிரி தெரிகிறது. அவசரப்பட வேண்டாம். ஊசிக்கும் காலராவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போது அந்த 14 பேர் எப்படிப் பிரிந்திருப்பார்கள்? தோட்டத்தில் ஊசி போட்டவர்கள் 736க்கு 436. அந்த விகிதப்படி 14இல் 8.29 பேர் ஊசி போட்டவர்களாகவும் 5.71 பேர் போடாதவர்களாகவும் இருந்திருக்க வேண்டும். வரிசை மொத்தத்தை நிரல் மொத்தத்தால் பெருக்கி ஆகமொத்தத்தால் வகுத்தால் எந்தக் கட்டத்துக்கும் இந்த எதிர்பார்ப்பு கிடைத்துவிடும். 0.29 ஆள் எங்கே இருக்கிறான் என்று வகுப்பில் ஒருத்தனாவது கேட்பான். எங்கேயும் இல்லை. இது சராசரி, ஆள் இல்லை.

8.29 எதிர்பார்த்த இடத்தில் 5 இருக்கிறது. குறை 3.29. நாலு கட்டத்திலும் இதே 3.29தான் கூடியோ குறைந்தோ வரும். அதை வர்க்கமாக்கி, அந்தந்தக் கட்டத்தின் எதிர்பார்ப்பால் வகுத்து, நாலையும் கூட்டினால் 3.27. இதுதான் கார்ல் பியர்சன் 1900இல் கொடுத்த அளவுகோல். கிரேக்க எழுத்து 'கை'யை வைத்துப் பெயர் சூட்டியதால் தமிழில் கை-வர்க்கம். முதல் நாள் வகுப்பில் பையன்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வார்கள். எதிர்பார்ப்பால் வகுப்பது ஏன் என்றால், 431 இருக்கும் இடத்தில் மூன்று ஆள் கூடுவது பொருட்டே இல்லை, ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பேர் கூடினால் அது பெரிய விஷயம். சந்தையில் மூட்டை மிளகாய் வற்றலில் நூறு கிராம் குறைவதும் கால் கிலோ பொட்டலத்தில் நூறு கிராம் குறைவதும் ஒன்றா?

சரி, 3.27 என்பது பெரிதா சின்னதா?

*

பியர்சன் சொன்ன முறைப்படி அட்டவணையைப் புரட்டினால், ஊசிக்கு எந்தப் பலனும் இல்லாதபோதும் இவ்வளவோ இதற்கு மேலோ முன்பின் வர நூற்றுக்கு 35 தடவை வாய்ப்பு உண்டு என்று வரும். அதாவது இது ஒன்றுமே இல்லை. ஆனால் இரண்டு விகிதங்களை நேரடியாக ஒப்பிடும் இன்னொரு முறையில் நூற்றுக்கு ஏழு என்று வருகிறது. ஒரே தோட்டம், ஒரே 14 பேர், இரண்டு பதில். கிரீன்வுட்டுக்கும் யூலுக்கும் இந்த இடறல் 1915லேயே கண்ணில் பட்டது. ஏன் என்று அப்போது பிடிபடவில்லை.

1922இல் ஆர். ஏ. ஃபிஷர் அந்த முடிச்சை அவிழ்த்தார். நாலு கட்டம் இருக்கிறதே தவிர, அதில் நம் இஷ்டத்துக்கு நிரப்ப முடிவது ஒன்றே ஒன்றுதான். சோதித்துப் பாருங்கள். ஓர மொத்தங்கள் 14, 722, 436, 300 அப்படியே இருக்கட்டும். ஊசி போட்டும் காலரா வந்தவர் கட்டத்தில் 5 என்று எழுதிய உடனே, பக்கத்தில் 431 என்றுதான் வந்தாக வேண்டும், கீழே 9, மூலையில் 291. ஒரு கட்டம் வாயைத் திறந்தால் மற்ற மூன்றும் மூடிக்கொள்ள வேண்டியதுதான். பியர்சனோ மூன்று கட்டங்கள் சுதந்திரமாக ஆடும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆடுகிற கட்டம் மூன்று என்றால் 3.27 சாதாரணம். ஒன்றுதான் என்றால் 3.27 புருவத்தை உயர்த்த வைக்கிற எண்.

பியர்சன் அப்போது துறையின் பெரிய மனிதர், இளைஞர் சொல்வதை ஏற்பாரா? காற்றாலையோடு சண்டைக்குப் போன டான் கிஹோட்டேவுக்கு ஃபிஷரை ஒப்பிட்டு எழுதினார். ஃபிஷர் மறக்கிற ஆள் இல்லை. பியர்சனின் மகன் ஈகன், வேறொரு காரியத்துக்காகப் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாலு கட்ட அட்டவணைகளைச் சேர்த்து வெளியிட்டிருந்தார். 1926இல் ஃபிஷர் அவற்றை எடுத்தார். அப்பா சொல்வது சரியென்றால் அத்தனை அட்டவணைகளின் கை-வர்க்கச் சராசரி 3க்குப் பக்கத்தில் வர வேண்டும். தான் சொல்வது சரியென்றால் 1. கூட்டிப் பார்த்தால் ஒன்றை ஒட்டியே நின்றது. மகன் சேர்த்த கல்லால் அப்பாவின் கண்ணாடியை உடைத்த மாதிரி. கணித வரலாற்றில் இதைவிடக் குரூரமான குடும்பச் சண்டைகள் உண்டா, தெரியாது.

*

இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராமல் நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அதற்கு எங்கள் வீட்டுப் பரணில் எப்போதும் இருக்கும் ஒரு பொருள் போதும்: புளியங்கொட்டை.

தாயம் விளையாடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்ப்போம். கருப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். தேய்க்கிற வேகத்தில் கொட்டை சூடேறிப்போகும், அதைப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைப்பது தனி விளையாட்டு. அந்த மாதிரி 14 கொட்டையைத் தேய்த்துக்கொள்ளுங்கள், இவர்கள் காலரா வந்தவர்கள். தேய்க்காத 722 கொட்டை, வராதவர்கள். மொத்தம் 736ஐயும் ஒரு சாக்கில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு 436 கொட்டையை எண்ணிச் சொளகில் போடுங்கள். சொளகில் விழுந்தவர்கள் ஊசி போட்டவர்கள், சாக்கில் தங்கியவர்கள் போடாதவர்கள். இங்கே ஊசிக்கு எந்தச் சக்தியும் கிடையாது, எல்லாம் குலுக்கலின் வேலை. இப்போது சொளகில் வெள்ளை எத்தனை? எட்டு வரும், ஒன்பது வரும், சில நேரம் ஏழு. திரும்பக் கொட்டிக் குலுக்கி மறுபடி எண்ணுங்கள். நூறு தடவை.

ஐந்தோ அதற்குக் குறைவாகவோ எத்தனை தடவை வரும்? ஏறக்குறைய ஆறு தடவை. பொறுமையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் கண் சிமிட்டுவதற்குள் லட்சம் தடவை குலுக்கிக் காட்டிவிடும். ஃபிஷரின் துல்லியச் சோதனை என்று நூல்களில் இருப்பது, குலுக்காமலேயே இந்த எண்ணிக்கையைக் கணக்கிட்டுச் சொல்லும் வழி. கட்டங்களில் எதிர்பார்ப்பு ஐந்துக்குக் கீழே போய்விட்டால் கை-வர்க்கத்தை நம்பாதே, இதற்கு வா என்பார்கள். நம் தோட்டத்தில் மிகச் சிறிய எதிர்பார்ப்பு 5.71, மயிரிழையில் தப்பியது.

நூற்றில் ஆறு என்றால் ஊசி பலித்தது என்று சொல்லலாமா? வழக்கத்தில் நூற்றில் ஐந்துக்குக் கீழே வந்தால்தான் 'குறிப்பிடத்தக்கது' என்று முத்திரை குத்துவார்கள். கை-வர்க்கத்தில் அந்தக் கோடு 3.84. ஃபிஷர் வசதிக்காகச் சொன்ன அளவு அது. இன்று ஆய்வுத் தாள்கள் அதை எல்லைச்சாமி மாதிரி கும்பிடுகின்றன. 3.83 வந்தவன் அழுகிறான், 3.85 வந்தவன் பொங்கல் வைக்கிறான். எனக்கு இதில் மரியாதை கிடையாது. தேயிலைத் தோட்டத்து அட்டவணை சொல்வது, 'ஊசி பலித்திருக்கக்கூடும், இவ்வளவு பேரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது' என்பதுதான்.

அடித்துச் சொல்ல முடிகிற அட்டவணை எப்படி இருக்கும் என்பதற்கு அதே பாடநூல்களில் இன்னொரு காலரா நாலு கட்டம் இருக்கிறது. 818 பேர். ஊசி போட்ட 279 பேரில் மூவருக்குக் காலரா. போடாத 539 பேரில் 66 பேருக்கு. ஊசிக்குப் பலனில்லை என்றால் அந்த 3 இருக்கும் இடத்தில் 23 அல்லது 24 இருந்திருக்க வேண்டும். கை-வர்க்கம் 29.7. வெறும் குலுக்கலில் இப்படி ஒரு வேறுபாடு வர ஏறக்குறைய இரண்டு கோடியில் ஒரு வாய்ப்பு. புளியங்கொட்டையை எண்ணிக்கொண்டே ஆயுள் முடிந்துவிடும்.

*

இந்த இடத்தில் அநேகம் பேர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். எனக்கு இங்கேதான் சந்தேகம் ஆரம்பமாகும்.

சாக்கில் இருந்த புளியங்கொட்டைகள் காய்ந்தவை, ஒன்றோடொன்று ஒட்டாதவை. ஒரு கொட்டை சொளகில் விழுவதற்கும் பக்கத்துக் கொட்டை விழுவதற்கும் சம்பந்தமில்லை. கை-வர்க்கக் கணக்கு முழுக்க இந்த உலர்ந்த தன்மையின் மேல்தான் நிற்கிறது. தேயிலைத் தோட்டத்தில் மனிதர்கள் அப்படியா இருந்தார்கள்? லயத்து வீடுகளில் வரிசையாக, ஒரே தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருந்தார்கள். காலரா தண்ணீரில் வருவது. ஒருவருக்கு வந்தால் அடுத்த அறைக்கு வரும். அந்த ஒன்பது பேரும் ஒரே லயத்து ஆட்களாக இருந்தால் அது ஒன்பது தனித்தனிச் செய்தி இல்லை, ஒரே செய்தி ஒன்பது தடவை. உரித்தும் உரிக்காத புளியிலிருந்து எடுத்த கொட்டைகள் மாதிரி, சதையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகச் சொளகில் விழும். அப்போது முன்பின் அதிகமாக ஆடும், நம் நூற்றில் ஆறு என்ற கணக்கு பொய்யாகிவிடும்.

இன்னொன்று, யார் ஊசிக்குக் கையை நீட்டினார்கள் என்பது. திடகாத்திரமானவர்களா, வசதியானவர்களா, கிணறு சுத்தமாக இருந்த பக்கத்துக்காரர்களா? 29.7 என்ற எண் 'இது தற்செயல் இல்லை' என்று மட்டும் சொல்லும். ஊசிதான் காரணம் என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது. ஹாஃப்கினுக்கே இது தெரிந்திருந்தது. கல்கத்தாவில் காலரா நுழைந்த ஒரே வீட்டுக்குள், ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட முயன்றார். ஒரே கூரை, ஒரே பானைத் தண்ணீர். அந்தக் காலத்துக்கு அது பெரிய யோசனை.

இரண்டு சிக்கலையும் நேருக்கு நேர் நின்று சமாளித்த ஒரு வேலை தமிழ்நாட்டிலேயே நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரஹ்மதுல்லாவும் சகாக்களும் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 சின்னக் குழந்தைகளை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது தெரியும். குழந்தையின் உயிருக்கே ஆபத்தா என்பது கேள்வி. வாரா வாரம் தன்னார்வலர்கள் வீடு தேடிப்போய்ச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அதில் சிறிதளவு வைட்டமின் ஏ, மற்றவர்களுக்கு அது இல்லாத சொட்டு. எந்தக் குழந்தைக்கு எது என்பதைத் தாயும் தீர்மானிக்கவில்லை, மருத்துவரும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கல் தீர்மானித்தது. முருங்கைக்கீரை ஆய்கிற வீடு, ஆயாத வீடு என்ற வித்தியாசமெல்லாம் குலுக்கலில் இரண்டு பக்கமும் சமமாகக் கலந்துவிடும்.

முடிவு 1990இல் வெளியானது. வைட்டமின் ஏ பெற்ற 7,764 பேரில், விபத்து தவிர்த்த சாவுகள் 37. பெறாத 7,655 பேரில் 80. நாலு கட்டம் கிழித்துக் கணக்குப் போட்டால் கை-வர்க்கம் 16.5 வருகிறது. கோட்டைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. ஆனால் குலுக்கிப் பிரித்தது குழந்தைகளைத் தனித்தனியாக அல்ல, 206 குடியிருப்புத் தொகுப்புகளை. ஒரு தொகுப்பில் அம்மை பரவினால் அங்கே சாவுகள் கொத்தாக விழும். மறுபடி ஒட்டிய புளியங்கொட்டை. அதனால் என் 16.5ஐ அவர்கள் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. தொகுப்புகளைக் கணக்கில் எடுத்து அவர்கள் சொன்னது: வைட்டமின் ஏ பெற்றவர்களின் சாவு அபாயம் பெறாதவர்களில் 0.46 பங்கு, தவறிப்போனாலும் 0.30க்கும் 0.71க்கும் நடுவில் இருக்கும். தற்செயலுக்கு அவ்வளவு தாராளமாக இடம் விட்டும்கூட, மேல் எல்லை ஒன்றைத் தொடவில்லை. இத்தனை பேர் கட்டம் கட்டமாகக் கணக்குப் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்த நாலு கட்டம் இதுதான். 80க்கும் 37க்கும் நடுவே இருக்கிற 43 பேரும் குழந்தைகள்.

*

ஒட்டிய கொட்டை என்றதும் அப்பத்தாவின் பழமொழிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. நான் மேலே போட்ட பத்தில் ஒன்பது கணக்கு, சாவுகள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் விழும் என்று வைத்துப் போட்டது. வாந்திபேதி கண்ட காலத்தில் ஊரில் அப்படியா விழுந்திருக்கும்? ஒரு வீட்டில் ஒரு பிணம் எழுந்தால் அது தனியாகப் போயிருக்காது. அந்தக் காலத்தில் பழமொழியின் பின்பாதி அட்சர சுத்தமான உண்மை. முன்பாதியில் சனி எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? தமிழில் சனியும் தனியும் எதுகையாய் அமைந்துவிட்டதுதான் காரணம் என்பது என் ஊகம். ஞாயிற்றுக்கு அப்படி ஒன்று வாய்த்திருந்தால் ஞாயிறு மாட்டிக்கொண்டிருக்கும்.

சோதிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிறப்பு இறப்புப் பதிவேட்டில் தேதி இருக்கிறது, தேதி தெரிந்தால் கிழமை தெரியும், நாலு கட்டத்தையும் நிரப்பிவிடலாம். ஆனால் பதினாறு நாள் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு இறங்க வேண்டும். பதினாறில் ஒன்றும் தெரியவில்லை, எட்டில் பார்ப்போம், முப்பதில் பார்ப்போம், ஆண்களை மட்டும் பார்ப்போம், ஆடி மாதம் மட்டும் பார்ப்போம் என்று கிழித்துக்கொண்டே போனால் இருபதாவது கட்டத்திலாவது சனி பகவான் தரிசனம் கொடுத்துவிடுவார். பல்லி விழும் பலனும் ஒற்றைத் தும்மலும் பூனை குறுக்கே போவதும், ஒவ்வொன்றாகச் சோதித்தால் இருபதில் ஒன்று தேறிவிடும். நூற்றில் ஐந்து என்ற கோட்டுக்கு அர்த்தமே அதுதான்.

கோழி விஷயம் இன்னும் சிக்கல். பாடையில் கோழி கட்டினால் பலன் உண்டா என்று பார்க்க, கட்டாத சனிப் பிணங்கள் வேண்டும். எங்கள் ஊரில் கட்டாமல் விட எவனுக்குத் துணிச்சல்? ஒரு வரிசை முழுக்கக் காலி. காலி வரிசையை வைத்து எந்த ஃபிஷராலும் ஒன்றும் செய்ய முடியாது. நல்லவேளையாகக் காலம் உதவிக்கு வந்திருக்கிறது. கோழி கிடைக்காத இடங்களில், கட்ட மனசில்லாத வீடுகளில், ஒரு தேங்காயைக் கட்டிவிடுகிறார்கள். ஆக இப்போது இரண்டு வரிசை: கோழி, தேங்காய்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை எடுப்பு. பந்தலில் உட்கார்ந்து சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஊசி, காலரா, திருச்சிக் குழந்தைகள், சீட்டுக் குலுக்கல் எல்லாம். நல்ல கேட்பாளி. வெற்றிலையை மென்றுகொண்டே முழுக்கக் கேட்டார். "அதனால சித்தப்பா, சனிக்கிழமை சாவுக்கெல்லாம் சீட்டுப் போட்டு, பாதிக்குக் கோழி, பாதிக்குத் தேங்காய்னு கட்டிப் பாத்தா ஒரு பத்து வருஷத்துல தெரிஞ்சுரும்" என்றேன்.

எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மொதச் சீட்ட உன் வீட்ல போடு."